அரை மணி மிச்சம்

ஜனவரி மூன்றாம் வாரத் தாளில்
சனிக்கிழமைக் கட்டத்தில்
சைபர் போட்டிருந்தார் வெர்லின் ஹாவ்கன்,
மறுபக்கம் தடம் விழும்படி அழுத்தி.

அலாரப் பெட்டி வேறு சொன்னது.
இரவு ஒன்பது: கதவு திறந்தது.
விடிகாலை நான்கு: பூட்டியது.
வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
கொதிகலன் நின்றுபோன பள்ளிக்கூடத்தில்
ஏழு மணி நேரம் ஒரு மனிதர்
குழாய்களோடு என்ன பேசினாரோ.
திங்களன்று ஒன்றாம் வகுப்புக் குழாயில்
தண்ணீர் வந்தது. யாரும் வியக்கவில்லை.
தண்ணீர் வருவதற்கு யார் வியப்பார்கள்?

நான் சம்பளப் பிரிவு.
வடக்கு டகோட்டாவின் இந்தச் சின்னப் பள்ளி மாவட்டத்தில்
நூற்றுப் பதினாறு பேருடைய நேரமும்
என் மேசை வழியாகத்தான் போகிறது,
கால் மணி கால் மணியாக.
பஸ் ஓட்டும் லூயெல்லாவுக்குக்
காலையில் மூன்று, மாலையில் மூன்று.
நடுவே யார் கணக்கிலும் சேராத ஒரு பகல்;
காரிலேயே உட்கார்ந்து
ஸ்வெட்டர் பின்னித் தீர்க்கிறாள் அதை.

கண்காணிப்பாளர் டீஸ் கேட்டார்:
"ஓவர்டைமுக்கு முன் அனுமதி யார் தந்தது?"
"குளிர்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவரையும் சொல்லிக் குற்றமில்லை,
வரவு செலவுக் கூட்டத்தில்
ஊருக்கு முன் வேர்த்து நிற்பவர் அவர்தான்.
விதி எனக்கு மனப்பாடம்:
அனுமதியில்லாமல் உழைத்தவரைக் கடிந்துகொள்ளலாம்,
கூலி கொடுக்காமல் இருக்க முடியாது.
இரண்டையும் செய்தோம்.
ஒரே உறையில் போட்டு அனுப்பினோம்.

வெர்லின் என் ஜன்னலுக்கு வந்தார்.
"அது வேலையில்லை, பயம்" என்றார்.
பயத்துக்குத் தனிக் கட்டம் இல்லை என்றேன்.
சைபரை அடித்து, பக்கத்தில் ஏழு எழுதி,
கையெழுத்துப் போட்டார்.
காசு வேண்டாம், விடுப்பாக இருக்கட்டும்.

நாற்பதைத் தாண்டிய ஒரு மணி
ஒன்றரை மணியாகும்.
நேரம் குட்டி போடுகிற இடம்
எனக்குத் தெரிந்து உலகத்தில் இது ஒன்றுதான்.
ஏழு, பத்தரை ஆனது.

ஜூனில் அட்டவணை மாறியது:
நாளுக்குப் பத்து மணி, வாரத்துக்கு நாலே நாள்.
வெள்ளிக்கிழமை மாவட்டமே பூட்டு,
மின்கட்டணம் மிச்சம் என்கிறது தீர்மானம்.
ஒன்பதாவது மணி எப்படியிருக்கும் என்று
வராந்தாவுக்கு மெழுகு போடுகிறவரின்
முட்டியைக் கேட்டுப் பார்த்தவர் இல்லை.
மூன்று நாள் வாரக்கடைசி என்றால்
முட்டியும் ஒப்புக்கொள்ளும், அது வேறு.
பதிவறை கார்லீனுக்கு மட்டும் கூட்டல் வரவில்லை:
வேலை ஆறு மணி வரை.
மகனைப் பார்த்துக்கொள்ளும் இடம்
ஐந்தே முக்காலுக்கு மூடும்.

ஒரு புதன்கிழமை முழுவதையும் கேட்டிருந்தார் வெர்லின்.
காரணம் என்ற இடத்தில்: ஆறு.
எண்ணைத் தவறான கட்டத்தில் எழுதிவிட்டார் என்று
ஒரு நொடி மயங்கினேன்.
பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது,
தூண்டில் விழும் சத்தமும்.

பத்து கழிந்தது. அரை மணி மிச்சம்.
"அதைக் கார்லீனுக்குக் கொடுத்துவிடு."
கொடுக்க முடியாது, வெர்லின்,
அவரவர் நேரம் அவரவருக்குத்தான்.
ஜன்னல் கட்டையில்
விரலால் தட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த செவ்வாய், ஐந்தரைக்கு,
தன் அரை மணியைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.
கார்லீன் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையில்.
ஆறு அடித்தபோது பள்ளி வாசலில் அவருடைய பிக்கப்;
உள்ளே ஒரு நாலு வயது,
மீனுக்கு ஏன் இமை இல்லை என்று
கேட்டுக்கொண்டிருந்தது.

மீதி: சைபர். எழுதி மூடினேன்.

புதன்கிழமை ஐந்தரைக்கு
கார்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நானும்.